பாலத்தில் இரண்டு வில்லாளிகள்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக மேலேறிக்கொண்டிருந்தன. என்னுடைய கதிரையில் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். தொப்பியைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதிலிருந்து மழைத்தண்ணீர் என் மேசை விரிப்பில் ஊறிக்கொண்டிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மனைவி வசந்தி குசினி வாசலில் நின்றாள்.

வெளியே, வாசற்படியில், கண்டிக்கு அருகில் கலஹாவைச் சேர்ந்த என் நண்பன் ரவீந்திரன் குந்தியிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். முதல் நாள் மாலை அவனுடைய சேர்ட்டுப் பையிலிருந்து எடுத்த காகிதம் ஒன்று இப்போது சப் இன்ஸ்பெக்டரின் கையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அது ஒரு வரைபடம். வரைந்தவன் நான்.

எழுத்துகள் நின்றன. கடைசி வரியில் ஒரு எண் மட்டும் தெரிந்தது. ஒரு வீதம்.

"என்ன, நின்றுவிட்டதா?" என்று கேட்டார். எங்கள் பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. கந்தோர் உத்தியோகம் எனக்கு அந்த மொழியைக் கொடுத்திருந்தது.

"இல்லை சேர். தன்னுடைய டிஸ்க்கைச் சரிபார்க்கிறது. நூறு வீதம் வந்த பிறகுதான் திறக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம். சில வேளை இருபது நிமிடம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லும் விளையாட்டு இதில் இருந்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் இன்றைக்குப் பின்னேரம் கொழும்புக்கு அனுப்பவேண்டி வரும். அதன் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டு வீதம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் முதல் கந்தோர் மேசையைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில் பதினொரு திகதிகள் வந்துவிட்டன என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. இந்த வாரம் ஒன்றுகூடப் போடுவதில்லை என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சமாதானம் என்று சொல்லப்பட்ட சில வருடங்கள் முடிந்து, வடக்கிலும் கிழக்கிலும் சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் என்பதோடு வாசகர்கள் திருப்தியடைய வேண்டும். திகதி என் நாட்குறிப்பில் இருக்கிறது.

தபாலில் வந்த தட்டு

குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில், அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையில் அந்தக் கணினி இருந்தது. எல்லோர் வீட்டிலும் இருந்ததைப்போல அதிலும் ஒரு கள்ளப் பிரதி இயங்குதளம்தான். வைரஸ் வந்து அது செத்துப்போன பிறகு இரண்டு மாதம் துணி போர்த்தி வைத்திருந்தோம்.

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், எழுதிக் கேட்டால் தபாலிலேயே அனுப்புவார்கள் என்று எனக்குச் சொன்னவன் ரவீந்திரன். கலஹா டவுனில் ஒரு சிறிய கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு முப்பது வயது இருக்கும். பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். வாசிப்பில் என்னைவிட வேகமானவன். கண்டியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் கைநீட்டியபோது அறிமுகமானோம். புத்தகம் அவனுக்குப் போயிற்று. நட்பு எனக்குக் கிடைத்தது.

ஆறு கிழமை கழித்து வெளிநாட்டு முத்திரை ஒட்டிய உறையில் ஒரு குறுந்தட்டு வந்தது. வசந்தி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"சும்மா தாறாங்களோ? எதுக்கப்பா?"

"எல்லாரும் பாவிக்க வேணும் எண்டு."

"அப்பிடி ஆர் இருக்கினம் இந்தக் காலத்தில? உதுக்குள்ள ஏதோ இருக்குது. நீங்கள் உதைப் போடாதேங்கோ."

நான் போட்டேன். இயங்கியது. ஆனால் சத்தம் வரவில்லை. மூன்று மாதமும் நான்கு நாளும் வரவில்லை. (இது திகதியல்ல, கால அளவு. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.) தட்டில் விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் குண்டுப் பென்குவின் ஒன்று பனிமலையில் வயிற்றால் சறுக்கி, வழியிலுள்ள மீன்களைப் பொறுக்கிக்கொண்டு போகும். போகவேண்டும். எங்கள் கணினியில் அது ஓரடி சறுக்கி நின்றது. யோசித்தது. பிறகு இன்னோரடி சறுக்கியது. ஒரு மலையை இறங்கி முடிக்க நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடித்துவிடுவோம்.

திரைக்கான பாகத்துக்கு உரிய சரியான மென்பொருளை ரவீந்திரன் கண்டியில் ஒரு இன்டர்நெட் கடையில் இறக்கிக் கொண்டுவந்தான். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டவேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் வேலை செய்யாது. நான் ஒவ்வொரு கட்டளையையும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் திகதியும் நேரமும் குறித்து, பலித்ததா இல்லையா என்று கோடிட்டு வைத்தேன். பத்தொன்பதாவது முயற்சியில் பென்குவின் பறந்தது. யன்னலால் வந்த காற்று அதன் முகத்தில்தான் அடிக்கிறதோ என்று தோன்றும் அளவுக்குப் பறந்தது. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் வசந்தி, பிள்ளைகள் சிரித்தால் தலையை நிமிர்த்திப் பார்ப்பவள், "ஐயோ மரம், மரம்!" என்று கத்தினாள். அன்றிலிருந்து பின்னேரங்களில் பென்குவின் அவளுடையது. ஊரடங்கு நாட்களில் முழுநாளும். மீன் எண்ணிக்கையில் அவளை நான் ஒரு நாளும் வென்றதில்லை.

அந்தக் கணினியில் தீராத ஒரு நோயும் இருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் சிறிய பற்றரி செத்திருந்தது. மாற்றிப் பார்த்தேன். அதைப் பிடித்திருக்கும் தகடு துருவேறியிருந்ததால் புதியதும் நிற்கவில்லை. நிற்பாட்டிப் போடும் ஒவ்வொரு தடவையும் அது தான் செய்யப்பட்ட வருடத்துக்குத் திரும்பிப் போய்விடும். வேறு ஒருவர் அப்படியே விட்டிருப்பார். பிழையான திகதியோடு ஒரு இயந்திரம் என் வீட்டில் ஓடுவதை என்னால் பொறுக்க முடியாது. ஒவ்வொரு நாளும் போட்டவுடன், அது திறக்குமுன்னே, திகதியையும் நேரத்தையும் கையால் வைப்பேன்.

"கொம்பியூட்டருக்கு ஒவ்வொரு நாளும் இண்டைக்கு என்ன நாள் எண்டு சொல்லிக் குடுக்கிற மனுசன் நீங்கள் ஒராள்தான்" என்பாள் வசந்தி.

அந்த ஒழுக்கத்தை இரண்டே இரண்டு தடவை தவறவிட்டேன். இரண்டாவது தடவை அந்த ஞாயிறு காலை. ஜீப்பிலிருந்து ரவீந்திரன் இறங்குவதைப் பார்த்த பதற்றத்தில் கணினியைப் போட்டேன், திகதியை வைக்கவில்லை. அப்படி விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? கணினி தான் பல வருடம் பின்னால் இருப்பதாக நினைக்கும். டிஸ்க்கைப் பார்க்கும். கடைசியாகப் பாவித்த நாள் இன்னும் வராத ஒரு நாளாக இருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை அது நம்பாது. முழுவதையும் தோண்டிப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

சப் இன்ஸ்பெக்டரின் முன்னால் ஓடிக்கொண்டிருந்த வீதக்கணக்கு அதுதான். பதினேழு. பதினெட்டு.

சனிக்கிழமை நடை

எங்கள் விளையாட்டு பென்குவின் அல்ல. அதே தட்டோடு வந்த இன்னொன்று. ஒரு நிலப்பரப்பு, ஆறு, காடு, கோட்டைகள். இரண்டு பேர் மாறி மாறிப் படையை நகர்த்த வேண்டும். சதுரங்கம்போல அவசரமில்லாத ஆட்டம். கலஹாவில் அவனுக்கும் குண்டசாலையில் எனக்கும் இணையம் இல்லை. ஆகவே கிழமைக்கு ஒரு நடை. சனிக்கிழமை பின்னேரம் கண்டி பஸ் நிலையத்தில், கலஹா பஸ் நிற்கும் இடத்தில் சந்திப்போம். என் நடையைப் பதிந்த பென் ட்ரைவை அவன் வாங்கிப் போவான். அடுத்த சனி தன் நடையோடு கொண்டுவருவான்.

ஆட்டத்துக்கு ஒரு கொப்பி வைத்தேன். எத்தனையாவது நடை, எந்தத் திகதி, என்ன நகர்ந்தது, யார் செத்தார்கள், மழையா வெயிலா. மாவட்டங்களை ஆண்ட பழைய வெள்ளைக்கார அதிபர்கள் மாட்டு நோயையும் மழையையும் நாள் தவறாமல் குறித்து வைத்த டயரிகளை நிறைய வாசித்தவன் நான். கெட்ட பழக்கம் அங்கிருந்துதான் தொற்றியது.

அந்தக் கிழமை ரவீந்திரன் ஒரு உதவி கேட்டிருந்தான். "நிலையத்துல ஒரு மணி நேரந்தாண்ணே மெஷின் கெடைக்குது. பஸ்ல போகையில யோசிக்கிற மாதிரி ஒரு படம் வரைஞ்சு தாங்களேன்."

நான் தொழிலால் படவரைஞன். சும்மா ஒரு படம் எனக்கு வராது. ட்ரேசிங் தாளில், இந்திய மையால், ஆற்றின் ஒவ்வொரு வளைவும் பிசகாமல் வரைந்தேன். வடக்குக் குறி போட்டேன். அளவுத்திட்டம் போட்டேன். கீழ் மூலையில் பெட்டி கட்டி, தாள் இலக்கம், வரைந்தவர், திகதி எல்லாம் எழுதினேன்.

அதுமட்டும் என்றால் பரவாயில்லை. ஆட்டம் தொடங்கிய நாளில் பகிடிக்காகக் கோட்டைகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தோம். அவன் கோட்டை கலஹா. என் கோட்டை குண்டசாலை. இடையில் இருந்த ஒரே பாலத்துக்குப் பேராதனைப் பாலம் என்று, கண்டி வீதியிலுள்ள நிஜப் பாலத்தின் பெயர். அதையும் படத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். கலஹா: ஈட்டிக்காரர் ஆறு, குதிரை மூன்று. பேராதனைப் பாலம்: வில்லாளிகள் இரண்டு. பாலத்துக்கு அருகில் ஒரு அம்புக்குறி, அவன் எந்தப் பக்கத்தால் வரக்கூடும் என்று.

நாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்த இரண்டு வளர்ந்த மனிதர்கள் இதைச் செய்தோம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. நாங்கள் பார்த்த ஆறும் பாலமும் திரைக்குள் இருந்தவை. வேறொருவர் கண்ணுக்கு அவை எப்படித் தெரியும் என்று நினைக்க, அவற்றை ஒருமுறை வெளியிலிருந்து பார்க்கவேண்டும். நாங்கள் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை அவன் போன பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் படத்தை வாசித்து மொழிபெயர்த்தார். அந்த இரவு முழுவதும் ரவீந்திரனிடம் ஒரே கேள்வி: வில்லாளி என்றால் யார்? அவன் சொன்ன ஒரே பதில்: அம்பு விடுறவங்க சேர். பென் ட்ரைவில் இருந்த கோப்பு அந்த விளையாட்டைத் தவிர வேறெதிலும் திறக்காது. பொலிஸ் நிலையத்துக் கணினியிலும் திறக்கவில்லை. திறக்காத கோப்பு அவர்களுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

அடுப்பு

நாற்பத்திரண்டு வீதத்தில் வசந்தி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். பிளேன் டீ ஊற்ற உதவி என்று பெயர்.

"உங்கட கொப்பியள் எத்தினை கிடக்குது அலுமாரிக்குள்ள?" என்றாள் மெதுவாக.

"விளையாட்டுக் கொப்பி ஒண்டு. நாட்குறிப்பு பதினாறு."

"பின்னால விறகடுப்பு எரியுது. சொல்லுங்கோ, ஒவ்வொண்டாக் கொண்டு போறன். அவர் முன்னாலதானே இருக்கிறார்."

விறகு மணம் குசினிக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த மணத்தோடு இன்னொரு அடுப்பு எனக்கு முன்னால் வந்து நின்றது.

தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட ஆடிக் கலவரத்தின்போது எங்கள் குடும்பம் கண்டியில்தான் இருந்தது. அப்பா எழுதுவினைஞர். நான் பாடசாலை மாணவன். என் முதல் நாட்குறிப்பை அந்த வருடம்தான் தொடங்கியிருந்தேன். கோடு போட்ட அப்பியாசக் கொப்பி. நகரத்துக் கடைகள் எரியும் புகை தெரிந்தவுடன் அப்பா வீட்டிலிருந்த தமிழெழுத்துக் காகிதம் எல்லாவற்றையும் அடுப்புக்குள் போட்டார். கடிதங்கள், பஞ்சாங்கம், என் கொப்பி. நான் அழவில்லை. எரிகிற பக்கங்களில் திகதிகள் மட்டும் கொஞ்ச நேரம் பளிச்சென்று தெரிந்தது நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை மூன்று நாள் தங்கள் பின்னறையில் வைத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. கொப்பிகளை யாரும் தேடவில்லை. அந்த மூன்று நாளில் எது எப்போது நடந்தது என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னிடம் திகதி இல்லாத ஒரே காலம் அது.

"வேண்டாம்" என்றேன்.

"உங்களுக்கு விசரே? ஒரு படத்துக்கே இந்தப் பாடு. பதினேழு கொப்பி!"

"எரிச்சால் நாங்கள் ஒளிச்சது எண்டுதான் ஆகும். அவன் வெளியில இருக்கிறான், வசந்தி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டில் நான்கு கோப்பைகளை வைத்தாள். பிறகு ஐந்தாவதையும் எடுத்து வைத்தாள். "ஜீப்புக்குள்ள டிரைவரும் இருக்கிறார்" என்றாள்.

நூறு

எழுபது வீதத்துக்கு மேல் மின்குமிழ் ஒருமுறை மங்கியது. மின்சாரம் போனால் முதலிலிருந்து. குமிழ் மறுபடி பிரகாசித்தது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. சப் இன்ஸ்பெக்டர் கோப்பையை வைத்துவிட்டு முன்னால் குனிந்திருந்தார். அந்த எண்ணோடு அவரும் ஏறிக்கொண்டிருந்தார்.

திரை ஒரு கணம் இருண்டது. நிறங்கள் வந்தன.

விளையாட்டைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்த ஆட்டத்தை அழுத்தினேன். ஆறு வந்தது. காடு வந்தது. பாலத்தின் மேல் பச்சைத் தொப்பி போட்ட இரண்டு சின்ன மனிதர்கள் வில்லோடு நின்றார்கள்.

"இவர்கள்தான், சேர்" என்றேன்.

அவர் பிளாஸ்டிக் உறையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஆற்றின் வளைவுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கோட்டை, கோட்டை. பாலம், பாலம். நீண்ட நேரம் எடுத்தார்.

"நன்றாக வரைகிறீர்கள்" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரை அடுத்த வார்த்தை மறுபடி கொண்டுபோனது.

"ஆனால் ஒன்று. ஆளைப் பிடித்தது நேற்று மாலை. படத்துக்குப் பொருத்தமாக ஒரு விளையாட்டை இரவோடிரவாக நீங்கள் செய்து வைத்திருக்கலாம் அல்லவா?"

"ஐந்து மாத ஆட்டம், சேர். ஒவ்வொரு நடையும் ஒரு கோப்பு. திகதி இருக்கிறது."

அவர் திரையின் மூலையைச் சுட்டினார். அங்கே கடிகாரம் இருந்தது. பல வருடத்துக்கு முந்திய ஒரு நாளைக் காட்டியது. "இந்த இயந்திரத்தின் திகதியையா நம்பச் சொல்கிறீர்கள்?"

குசினி வாசலிலிருந்து வசந்தியின் சிங்களம் வந்தது. பாடசாலையில் பிள்ளைகளிடம் பேசும் குரலில்.

"சேர், அதுக்குப் பற்றரி இல்லை. ஒவ்வொரு நாளும் இவர்தான் கையால் வைப்பார். இன்றைக்கு உங்களைக் கண்ட பயத்தில் மறந்துவிட்டார். கொப்பி இருக்கிறது. ஒத்துப் பாருங்கள்."

அலுமாரியைத் திறந்து கொப்பியை அவளே எடுத்துக் கொடுத்தாள். கால் மணித்தியாலத்துக்கு முன் அடுப்புக்குக் கேட்ட அதே கொப்பி.

கொப்பி தமிழில் இருந்ததால் வெளியிலிருந்த பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் முஸ்லிம். எங்கள் படத்தை மொழிபெயர்த்தவரும் அவரே. ரவீந்திரனும் அவரோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றான். சப் இன்ஸ்பெக்டர் நினைத்த நினைத்த நடையைக் கேட்டார். ஏழு. மூன்று. பன்னிரண்டு. பொலிஸ்காரர் கொப்பியிலிருந்து திகதியை வாசித்தார். நான் திரையில் கோப்பின் திகதியைக் காட்டினேன். பொருந்தியது. பொருந்தியது. பொருந்தியது.

"பதினைந்து."

பொலிஸ்காரர் வாசித்தார். நான் திரையைப் பார்த்தேன். பதினைந்தாவது கோப்பு பல வருடத்துக்கு முந்திய திகதியைக் காட்டியது. நான் முன்னொரு தடவை மறந்த நாள் அது.

சப் இன்ஸ்பெக்டர் கதிரையைத் திருப்பினார்.

"பொறுங்க சேர்" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், "இதுக்குக் கீழ சின்னதா என்னமோ எழுதிருக்கீங்களே, இதென்ன?" என்று கேட்டுவிட்டுத் தானே சத்தமாக வாசித்தார்: "மழை. இரண்டு தரம் கரண்ட் போனது. இயந்திரத்தில் திகதி வைக்க மறந்தேன். கோப்பில் பிழையான திகதி விழுந்துள்ளது. வெட்கம்."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். வெட்கம் என்ற சொல்லையும் சேர்த்து.

சப் இன்ஸ்பெக்டர் என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. அது சிரிப்பு என்று எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"பொய் சொல்பவன் இதை எழுதமாட்டான்" என்றார். "இவரை வீட்டுக்கு அனுப்பலாம். நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள்."

ரவீந்திரன் சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டான். வசந்தி பாணும் சம்பலும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "சாப்பிடும் தம்பி, முதல்ல சாப்பிடும்" என்றாள். அவன் சாப்பிட்டான். நாங்கள் இருவரும், பொலிஸ்காரரும், அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டிருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் மட்டும் திரையை விடவில்லை. "இந்தப் பாலத்தில் ஏன் இரண்டே பேர்?" என்று கேட்டார். "ஆறு இங்கே ஆழமில்லை. எதிரி இந்தப் பக்கத்தால் இறங்குவான். ஒருவனை இங்கே வையுங்கள்."

முத்திரை

வசந்தியும் கூடவே வந்தாள். நிலையத்தில் என் வாக்குமூலத்தை எழுதினார்கள். ரவீந்திரனின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பென் ட்ரைவையும் கொடுத்தார்கள். கடைசியாகப் படத்தைக் கொடுத்தபோது அவன் அதை வாங்கவில்லை.

"சேர், அடுத்த செக் பொயின்ட்ல இதப் பார்த்தா மறுபடி புடிப்பாங்களே" என்றான். நான் சிங்களத்தில் சொன்னேன்.

சப் இன்ஸ்பெக்டர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். விளையாட்டுக்கான படம், பரிசோதிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார். இறப்பர் முத்திரையை வாங்கி, மைப்பெட்டியில் அழுத்தி, படத்தில் பலமாகக் குத்தினார்.

நான் எட்டிப் பார்த்தேன். முத்திரையின் நடுவில் திகதி இருந்தது. சனிக்கிழமையின் திகதி. காலையில் யாரும் அதை ஒரு நாள் முன்னே தள்ளவில்லை.

"சேர்..." என்றேன்.

"என்ன?"

என் வலது பாதத்தின் மேல் ஒரு செருப்பு ஏறி நின்றது. வசந்தியின் செருப்பு. முழுப் பாரத்தோடு.

"நன்றி, சேர்" என்றேன்.

வெளியே வந்து தெருவைக் கடந்த பிறகுதான் அவள் என் கையை விட்டாள்.

"உள்ள என்னாண்ணே சொல்ல வந்தீங்க?" என்றான் ரவீந்திரன்.

"சீலில திகதி பிழை" என்றாள் வசந்தி, என் பதிலுக்குக் காத்திராமல். "இவற்ற மூஞ்சியைப் பார்த்த உடன எனக்குத் தெரியும்."

அவன் நடைபாதையில் அப்படியே நின்றான். முதலில் கண் கலங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முதல் நாள் மாலைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். "அண்ணே, நீங்க மட்டும் அதத் திருத்தச் சொல்லியிருந்தா, அக்கா ஒங்கள உள்ள வச்சிட்டு என்னயக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க!"

கலஹா பஸ் வரும்வரை நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டே நின்றோம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை என்று தோன்றியது.

ஆட்டத்தை நிறுத்தவில்லை. கோட்டைகளின் பெயரை மட்டும் மாற்றினோம். அவனுடைய கோட்டை 'ஒன்று', என்னுடையது 'இரண்டு'. அடுத்த சனிக்கிழமை நான் ஒரு வில்லாளியை ஆழமில்லாத இடத்துக்கு நகர்த்தினேன். ரவீந்திரன் சரியாக அந்த வழியால்தான் இறங்கத் திட்டமிட்டிருந்தான். குதிரை மூன்றும் போயிற்று.

"பொலிஸ்கிட்ட யோசன கேட்டு வெளையாடுறீங்களேண்ணே, இது கள்ளாட்டம்" என்றான்.

பெட்டி கட்டித் திகதி போட்ட அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது. முன்பக்க மூலையில் சனிக்கிழமையின் திகதி, நான் எழுதியது. பின்பக்கத்தில் அதே திகதி, முத்திரையில். முன்னால் இருப்பது சரி. பின்னால் இருப்பது பிழை. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அதை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.